குருவிக்குச் சாட்சி

பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் எதற்காகக் கூட்டமாகப் போகிறார்கள்? யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான வழக்கந்தான். மீன் பிடிக்கிறவன் தனியாக உட்காருகிறான். வேட்டைக்குப் போகிறவன், கூட வந்தவனை வாயைத் திறக்காதே என்கிறான். பத்துப் பேர் செருப்புச் சத்தமும் இருமலுமாக நடந்தால் குருவி ஓடிப் போகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பறவைப் பிரியர்கள் விடியற்காலையில் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு கோஷ்டியாகத்தான் கிளம்புகிறார்கள். தோழமை, காற்று, திரும்பும் வழியில் காபி என்று காரணங்கள் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவிலே, வார்ப்ளர் என்னும் ஒரு சிறு குருவியைச் சுற்றி நடந்த சரித்திரம் அது.

வார்ப்ளர் என்றால் நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. நாம் கதிர்க்குருவி என்று சொல்லும் பறவைகளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பனிக்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து, நம் தோட்டத்து மரங்களில் இலையோடு இலையாகத் திரிந்துவிட்டுப் போகும் சிறு ஜீவன்கள். ஆனால் அமெரிக்க வார்ப்ளர்கள் வேறு குடும்பம். ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள், ஊர்களுக்குப் பழைய பெயர்களையே வைத்ததுபோல, குருவிகளுக்கும் ஊரில் கேட்ட பெயர்களை வைத்துவிட்டார்கள். நம் கதிர்க்குருவி பெரும்பாலும் பச்சையும் பழுப்புமாகச் சாதுவாக இருக்கும். அவர்களுடையது வசந்த காலத்தில் மஞ்சள், நீலம், செம்பழுப்பு, நெருப்பு நிறம் என்று கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி உடுத்துக்கொண்டு வரும். ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள். அநேகமாக ஒவ்வொன்றும் சுமார் பத்து கிராம் எடை. நம் கணக்கில் ஒன்றேகால் சவரன்.

இந்த ஒன்றேகால் சவரன் செய்கிற காரியம் மட்டும் சாமானியமானதல்ல. பிளாக்போல் வார்ப்ளர் என்று ஓர் இனம், இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து கிளம்பி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலாகவே தெற்கே பறக்கிறது. இரண்டு மூன்று நாள், இறங்க இடமில்லை, இரை இல்லை. 2,200 கிலோமீட்டருக்கு மேல். வெகு காலம் இது ஊகமாகவே இருந்தது. குருவியின் முதுகில் அரை கிராம் அளவுள்ள ஒரு கருவியைக் கட்டி அனுப்பி, 2015-ல்தான் சந்தேகமறத் தெரிந்துகொண்டார்கள்.

வசந்தத்தில் இவை வடக்கே திரும்பி வரும்போது, மே மாதத்துக் காலை வேளைகளில் நியூயார்க் நகரத்துப் பூங்காவின் மரங்களில்கூட வந்து இறங்குகின்றன. சும்மா இறங்குவதில்லை. அறுபது அடி உயரத்தில், இலைக்குப் பின்னால், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காமல் புழுவைத் தேடிக்கொண்டு தாவுகின்றன. கீழே நிற்கிற மனிதன் தலையை முதுகுப்பக்கம் சாய்த்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்தக் கழுத்து வலிக்கு அங்கே 'வார்ப்ளர் கழுத்து' என்றே பெயர். இரண்டு விநாடி மஞ்சளாக ஏதோ தெரியும். கண்ணாடியைத் தூக்குவதற்குள் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது கேள்வி வருகிறது. இன்ன குருவியைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் அதை எப்படி நம்புவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு விடை சுலபமாக இருந்தது. சுட்டுவிடு. கையில் பிணம் இருந்தால் விவாதமே இல்லை. எலியட் கவுஸ் என்ற பெரிய பறவை அறிஞர், 1874-ல் இளைஞர்களுக்காக எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தில், முதலில் தேவைப்படும் சாதனம் இரட்டைக் குழல் துப்பாக்கி என்று எழுதினார். ஒரே இனத்தில் எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கிடைத்த மட்டும் என்று தாமே பதிலும் சொன்னார். அவர் கொடியவர் அல்ல. அக்காலத்தில் அறிவு என்பது அருங்காட்சிசாலையின் இழுப்பறையில் பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, மல்லாக்கப் படுத்திருக்கும் பொருளாக இருந்தது. பறவைகளின் பெரும் ஓவியரான ஆடுபானும் சுட்ட பறவையைக் கம்பியால் நிறுத்தி வைத்துத்தான் உயிரோடு பறப்பதுபோல வரைந்தார்.

ஆனால் துப்பாக்கியும் எப்போதும் சாட்சி சொல்வதில்லை. கென்டக்கி ராஜ்யத்தில் ஹெண்டர்ஸன் என்ற ஊருக்கு அருகே 1811 மே மாதத்தில் இரண்டு வார்ப்ளர்களைச் சுட்டதாக ஆடுபான் எழுதினார். அவற்றை வரைந்து, 'கார்பனேட்டட் வார்ப்ளர்' என்று பெயரும் வைத்தார். தலையில் கறுப்பு, உடம்பில் மஞ்சள், அழகான படம். உடல்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, இருநூறு வருஷங்களுக்கு மேலாக, அந்தக் குருவியை வேறு யாரும் பார்க்கவில்லை. கலப்பினமா, இளம் பறவையா, ஞாபகப் பிசகா? ஒரு மகா கலைஞர் பார்த்து, சுட்டு, வரைந்தும்கூட அந்தக் குருவி இருந்ததாக ஒப்புக்கொள்ள யாரும் தயாராக இல்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அந்த இன்னொரு ஆள் 1886-ல் வந்து சேர்ந்தார். சரியாகச் சொன்னால், ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்.

மாஸசூஸெட்ஸில் ஸ்மித் கல்லூரி என்று பெண்களுக்கான ஒரு கல்லூரி. அதில் ஃப்ளாரன்ஸ் மெரியம் என்ற மாணவி படித்துக்கொண்டிருந்தாள். அக்காலத்து நாகரிக ஸ்திரீகள் தொப்பியில் பறவை இறகுகளையும், சில சமயம் முழுப் பறவையையுமே செருகிக்கொண்டு உலாவினார்கள். அந்தக் கல்லூரிப் பெண்களும் விலக்கல்ல. ஃப்ளாரன்ஸ் அவர்களிடம் போய், ஐயோ பாவம் பறவை என்று பிரசங்கம் செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான வேலை செய்தாள். தோழி ஒருத்தியுடன் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றிருந்த ஜான் பரோஸ் என்ற எழுத்தாளரை வரவழைத்து, மாணவிகளை விடியற்காலையில் வயல்வெளிக்கும் காட்டோரத்துக்கும் நடத்திச் சென்றாள். உயிரோடு பாடுகிற குருவியைப் பெயர் சொல்லி அறிந்துகொண்ட பெண், அதைத் தலையில் செருகிக்கொள்ளத் தயங்குவாள் என்பது அவள் கணக்கு. கோஷ்டியாகப் பறவை பார்க்கப் போகும் வழக்கத்துக்கு முன்னோடி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் நான் இந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

மூன்று வருஷம் கழித்து, 1889-ல், ஃப்ளாரன்ஸ் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டாள். நாடகக் கண்ணாடி வழியாகப் பறவைகளைப் பார்ப்பது பற்றிய புத்தகம். நாடகக் கண்ணாடி என்றால், இசை நாடகம் பார்க்கப் போகும் சீமாட்டிகள் பின் வரிசையிலிருந்து மேடையைப் பார்ப்பதற்காகக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு தூரக்கண்ணாடி. துப்பாக்கிக்குப் பதில் இந்த விளையாட்டுச் சாமானை அவள் முன்வைத்தாள். இருபத்தாறு வயது அப்போது. பெரிய அறிஞர்கள் புன்சிரிப்புடன் பார்த்திருக்கலாம். கடைசியில் ஜெயித்தது என்னவோ கண்ணாடிதான்.

அதே 1886-ல் நியூயார்க்கில் இன்னொரு நடை நடந்தது. ஃப்ராங்க் சாப்மன் என்று வங்கியில் வேலை பார்த்த இளைஞர், பெண்கள் ஜவுளி வாங்க வரும் கடைத்தெருவில் இரண்டு தடவை உலாவி, எதிரே வந்த தொப்பிகளை எண்ணினார். எழுநூறு தொப்பி. அவற்றில் 542 தொப்பிகளில் இறகு. நாற்பது இனப் பறவைகளை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. அந்தப் பட்டியலில் வார்ப்ளர்களும் உண்டு. கடைத்தெருவில் நின்று, பிறர் மனைவியர் தலையை உற்று உற்றுப் பார்த்த அந்த வாலிபரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். துப்பாக்கி இல்லாமல், நடமாடும் பறவையைத் தூரத்திலிருந்து இனம் கண்டு கணக்கெழுதிய ஆரம்ப முயற்சிகளில் இதுவும் ஒன்று. என்ன, பறவைகள்தாம் செத்துப் போயிருந்தன.

சாப்மன் பிறகு வங்கியை விட்டு அருங்காட்சிசாலையில் சேர்ந்து பெரிய மனிதர் ஆனார். 1907-ல் வட அமெரிக்க வார்ப்ளர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவர் செய்த பெரிய காரியம் வேறொன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் வேட்டைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக் குவித்து, எந்தக் கட்சி அதிகம் என்று பார்க்கும் ஒரு பண்டிகை விளையாட்டு இருந்தது. சாப்மன் தம் பத்திரிகையில், சுடுவதற்குப் பதில் எண்ணிப் பாருங்களேன் என்று அழைப்பு விடுத்தார். 1900-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் அன்று இருபத்தேழு பேர் இருபத்தைந்து இடங்களில் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை இன்றும் வருஷந்தோறும் நடக்கிறது. இடங்கள் இரண்டாயிரத்துக்கு மேல், ஆட்கள் பல ஆயிரம்.

ஆக, துப்பாக்கி கீழே இறங்கிவிட்டது. சட்டங்களும் வந்தன. 1918-ல் வந்த வலசைப் பறவைச் சட்டத்துக்குப் பிறகு வார்ப்ளரைச் சுடுவதற்கு உத்தரவுச் சீட்டு வேண்டும். நல்ல காரியந்தான். ஆனால் பிணம் போனதும் ருஜுவும் போயிற்று. எந்த வீட்டுத் தோட்டத்திலிருந்தும் யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லலாம் அல்லவா? நியூயார்க்கில் 1878 முதல் இருந்து வந்த லின்னேயன் சங்கத்துப் பெரியவர்கள், கண்ணால் பார்த்தேன் என்பதெல்லாம் பேச்சா, பறவை எங்கே, காட்டு என்று மீசையை முறுக்கினார்கள்.

அவர்களை வழிக்குக் கொண்டு வந்தவர் லட்லோ கிரிஸ்கம். 1890-ல் பிறந்தவர். பல பாஷைகள் அறிந்தவர், இசையில் பயிற்சி உள்ளவர், பணக்கார வீட்டுப் பிள்ளை. ஒரு குருவியைச் சந்தேகமில்லாமல் இனம் காண அதைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும் என்பது அவருடைய சித்தாந்தம். இந்த இடத்தில், இந்தப் பருவத்தில், எந்தப் பறவை இருக்க நியாயம் உண்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இனத்துக்கே உரிய ஒரு குறி: இறகுப் பட்டை, கண் புருவம், வால் அசைவு, குரல்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். துப்பாக்கிக் கட்சியைச் சேர்ந்த மூத்த அறிஞர் ஒருவர் அவரோடு நடந்து போனார். உயரமான மரத்தின் உச்சியில் ஏதோ அசைந்தது. "கேப் மே வார்ப்ளர், பெண்" என்றார் கிரிஸ்கம். ஆண் குருவியென்றால் கன்னத்துச் செம்பழுப்பு காட்டிக் கொடுத்துவிடும். பெண் குருவி அழுக்குச் சாம்பல் நிறம், கொஞ்சம் மஞ்சள், மார்பில் கோடு. அத்தனை தூரத்தில் அதைச் சொல்வது, ராத்திரி தூரத்தில் போகிற ரயிலின் சத்தத்தை வைத்து ஓட்டுகிறவர் பெயரைச் சொல்வது மாதிரி. மூத்தவர் நம்பவில்லை. சுட்டார். விழுந்ததை எடுத்துப் பார்த்தார். கேப் மே வார்ப்ளர், பெண்.

கிரிஸ்கத்தின் சித்தாந்தம் நிரூபணமாயிற்று. நிரூபிக்க ஒரு குருவி செத்தது. அந்தக் கூட்டத்தில் குருவிக்காகப் பேச யாருமில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. (கேப் மே என்பது நியூஜெர்ஸியில் ஒரு கடற்கரை ஊர். முதன்முதலில் அங்கே சுடப்பட்டதால் குருவிக்கு அந்தப் பெயர். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் அந்தக் குருவி யார் கண்ணிலும் படவில்லையாம். பெயர் வைக்கிற அழகு எங்கேயும் இப்படித்தான்.)

1923-ல் கிரிஸ்கம் நியூயார்க் வட்டாரப் பறவைகளைப் பற்றி ஒரு கைப்புத்தகம் எழுதினார். அதை வேதம் மாதிரி மனப்பாடம் செய்த ஒரு பையன்கள் கூட்டம் அடுத்த வருஷமே கிளம்பியது. பிராங்க்ஸ் என்பது நியூயார்க்கின் வடபகுதி. ஏழை, நடுத்தர ஜனங்கள் வாழும் இடம். அங்கே ஒன்பது பையன்கள், பள்ளிக்கூடப் பிராயம், 1924-ல் 'பிராங்க்ஸ் கவுண்டி பறவை சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நகரத்துக் குப்பைமேடுகளிலும் சாக்கடை முகங்களிலும் அவர்கள் சுற்றித் திரிந்து பறவை பார்த்தார்கள். பார்த்ததை லின்னேயன் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வார்கள். கிரிஸ்கம் விடமாட்டார். குறுக்கு விசாரணை. வெளிச்சம் எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? வாலில் வெள்ளை பார்த்தாயா? இல்லையென்றால் எதை வைத்துச் சொல்கிறாய்? கூட யார் இருந்தார்கள்?

கூட யார் இருந்தார்கள்! என் கேள்விக்கு விடை இந்தக் கேள்வியில் இருக்கிறது. துப்பாக்கி இருந்த இடத்தில் இன்னொரு ஜோடிக் கண்கள் வந்து உட்கார்ந்தன. பத்துப் பேர் போனால் பறவை பயப்படும், வாஸ்தவம். ஆனால் ஒருவன் பார்த்தது வதந்தி. மூன்று பேர் பார்த்தது பதிவு. அந்த மூன்று பேரில் ஒருவனாவது, "இல்லை தம்பி, நீ பார்த்தது வெறும் மஞ்சள் வார்ப்ளர்" என்று சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும். அந்தப் பையன்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. சிநேகிதர்களாகவும் இருந்தார்கள், எதிர்க்கட்சி வக்கீல்களாகவும் இருந்தார்கள். இது அபூர்வமான சிநேகிதம். எழுத்தாளர் கூட்டங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்தப் பையன்களில் ஜோஸஃப் ஹிக்கி ஒருவர். பிற்காலத்தில் அவர் பேராசிரியராகி, டி.டி.டி. மருந்தினால் பறவைகள் மாளுவதை ஆராய்ந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ஆனார். அவர் பேச்சு எடுபட்டதற்கு, சிறு வயதில் கிரிஸ்கத்தின் குறுக்கு விசாரணையில் நின்று பழகியது ஒரு காரணமாக இருக்கக்கூடாது என்பதில்லை.

பிராங்க்ஸைச் சேராத இன்னொரு இளைஞன் இந்தக் கூட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். ரோஜர் டோரி பீட்டர்ஸன். ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் மகன். ஊரில் மேஜை நாற்காலிகளுக்குப் பூவேலை தீட்டிச் சம்பாதித்து, ஓவியம் படிக்க நியூயார்க் வந்தவன். கிரிஸ்கம் தலைக்குள் வைத்திருந்த வித்தையைக் காகிதத்தில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது இவனுக்குத்தான். பறவையை எளிமையான உருவமாக வரைந்து, இதைப் பார், இதைப் பார் என்று குறியுள்ள இடத்துக்குச் சிறு அம்பு போட்டுக் காட்டினான். நாலைந்து பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பின. 1934 ஏப்ரலில் ஒருவர் துணிந்து 2,000 பிரதி போட்டார். அமெரிக்காவில் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. சில நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

பீட்டர்ஸன் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம், இலையுதிர் காலத்துக் குழப்ப வார்ப்ளர்கள் என்று அவர் தனியாக வைத்த பக்கந்தான். வசந்தத்தில் பட்டுடுத்தி வந்த குருவிகள், திரும்பிப் போகும்போது எல்லாம் ஒரே மாதிரி மங்கல் பச்சையாகி விடுகின்றன. யார் யார் என்று சொல்ல மகா நிபுணருக்கும் கஷ்டம். பீட்டர்ஸன் அதை மறைக்கவில்லை. குழப்பத்தை ஒரு பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, இதோ பார், இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம் என்று காட்டினார். வாசகன் அப்படிப்பட்ட ஆசிரியரை நம்புவான்.

இந்த விசாரணை வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்று லட்சக்கணக்கானவர்கள் தாம் பார்த்ததைக் கணிப்பொறி வழியே பதிகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் ஆரம்பித்த ஏற்பாடு. அபூர்வமான பறவையைப் பதிந்தால் ஒரு மத்தியஸ்தர் கேள்வி கேட்டு எழுதுவார். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் யந்திரம்கூட வந்துவிட்டது. அதன் பேச்சை மட்டும் வைத்து அபூர்வப் பறவையைப் பதிவதற்குப் பெரியவர்கள் ஒப்புவதில்லை. யந்திரமும் ஒற்றைச் சாட்சிதானே.

வெறும் குருவிப் பெயருக்கு இத்தனை வழக்கா என்று வாசகர் கேட்கலாம். பாக்மன் வார்ப்ளர் என்று ஒன்று தென் கரோலினாவின் சதுப்புக் காடுகளில் இருந்தது. பாக்மன் என்ற பாதிரியார் கண்டுபிடித்து ஆடுபானுக்கு அனுப்பினார். ஆடுபான் அதை உயிரோடு பார்க்காமலே வரைந்தார். காடுகள் வெட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, அங்கே பார்த்தேன், இங்கே கேட்டேன் என்று எப்போதாவது ஒரு குரல் வரும். அந்தக் குரல் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்தது, ஓர் இனம் இருக்கிறதா இல்லையா என்பது. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் அது அழிந்துபோனதாக அறிவித்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சாட்சி கிடைக்காமல் முடிந்த வழக்கு.

சாட்சி கிடைத்ததால் வந்த வினை ஒன்றும் உண்டு. நாவலில் எழுதினால் தொடர்கதை வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் திட்டுவார்கள். ஆனால் சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

1948 ஆகஸ்டு. வாஷிங்டனில் ஒரு விசாரணைக் கமிட்டி. விட்டேகர் சேம்பர்ஸ் என்ற பத்திரிகாசிரியர், முன்னாள் கம்யூனிஸ்டு, கமிட்டி முன் வந்து, ஆல்ஜர் ஹிஸ் என்ற பெரிய மனிதரும் ரகசியக் கம்யூனிஸ்டாக இருந்தவர், எனக்கு நெருங்கிய பழக்கம் என்றார். ஹிஸ் சாமானிய ஆள் அல்ல. வெளிநாட்டு இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். 1945-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தை உருவாக்கிய ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டுக்குக் காரியதரிசி. அவர் வந்து, சேம்பர்ஸ் என்ற பெயருள்ள யாரையும் எனக்குத் தெரியாது என்று பிரமாணம் செய்தார். பார்க்கப் போனால் ஹிஸ் பக்கமே நியாயம் என்று எல்லாருக்கும் தோன்றியது. கமிட்டியில் இருந்த ஓர் இளம் அங்கத்தினர் மட்டும் விடவில்லை. அவர் பெயர் ரிச்சர்டு நிக்ஸன்.

ஆகஸ்டு 7-ந் தேதி சேம்பர்ஸைத் தனியாக வைத்து, ஹிஸ்ஸை உனக்கு உண்மையிலேயே தெரியுமானால் அவர் வீட்டு விஷயங்களைச் சொல் என்று துருவினார்கள். நாய், கார், செல்லப் பெயர் என்று சொல்லிக்கொண்டே வந்த சேம்பர்ஸ், பொழுதுபோக்கு என்ன என்றதும், புருஷனும் மனைவியும் பறவைப் பைத்தியம் என்றார். விடியற்காலையில் எழுந்து போடோமக் நதியோரம் க்ளென் எக்கோ பக்கம், கால்வாய்க் கரைக்குப் போவார்கள். ஒரு தடவை புரொதோனோட்டரி வார்ப்ளரைப் பார்த்துவிட்டு வந்து ஆனந்தக் கூத்தாடினார்கள்.

புரொதோனோட்டரி என்பது போப்பாண்டவரின் சபையில் மஞ்சள் ஆடை அணிந்த எழுத்தர்களின் பதவிப் பெயர் என்பார்கள். குருவியின் தலையும் மார்பும் சுத்தமான பொன் மஞ்சள். சதுப்பு நிலத்தில், தண்ணீரை ஒட்டிய மரப்பொந்தில் கூடு கட்டும். அதை முதன்முதலில் பார்த்த நாளை எந்தப் பறவைப் பிரியனும் மறக்கமாட்டான்.

ஒன்பது நாள் கழித்து ஹிஸ் வந்து உட்கார்ந்தார். முன்பு சேம்பர்ஸ் சொன்னது அவருக்குத் தெரியாது. பொழுதுபோக்கு என்ன என்று நிக்ஸன் கேட்க, டென்னிஸும் பறவை பார்ப்பதும் என்றார். கமிட்டியில் மக்டவல் என்று பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஒரு அங்கத்தினர். அவருக்கும் பறவைகளில் ஆசை. போகிற போக்கில், சாதாரணமாக, புரொதோனோட்டரி வார்ப்ளர் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி போட்டார்.

அந்தக் கணத்தில் ஹிஸ் முகம் மலர்ந்திருக்க வேண்டும். விரோதிகள் நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் திடீரென்று ஒருவன் சொந்த பாஷையில் பேசுகிறான்! பார்த்திருக்கிறேன், இதோ இந்தப் போடோமக் கரையிலேயே என்று அவர் சொல்லிவிட்டார். அந்த இடம் உங்களுக்குத் தெரியுமா என்று மக்டவலைத் திருப்பிக் கேட்டார். அந்தச் சதுப்பில் வருஷா வருஷம் வந்து கூடு கட்டும், மஞ்சள் தலை, அற்புதமான பறவை என்று வர்ணித்தார். கோஷ்டியில் பக்கத்தில் நடக்கிற தோழனிடம் சொல்வதுபோலச் சொன்னார். அறையில் இருந்தவர்களுக்கோ, இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது.

கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: குருவி எந்தக் குற்றத்தையும் நிரூபிக்கவில்லை. இரண்டு பேர் ஒரு காலத்தில் பழகியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதுகூடப் பூரணம் அல்ல. அபூர்வப் பறவை பார்த்தவன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான், யார் வேண்டுமானாலும் யாரிடமிருந்தும் கேட்டிருக்கலாம். ஆனால் கமிட்டியின் மனம் அன்று திரும்பியது. பிறகு தட்டெழுத்துக் காகிதங்களும் புகைப்படச் சுருள்களும் வந்தன. வேவு பார்த்த குற்றத்துக்குக் காலக்கெடு கடந்துவிட்டதால் பொய்ப் பிரமாண வழக்குத்தான் போட முடிந்தது. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப் போகவில்லை. இரண்டாவதில், 1950 ஜனவரியில், தண்டனை: ஐந்து வருஷம். மூன்று வருஷம் எட்டு மாதம் உள்ளே இருந்தார். 1996-ல் இறக்கும் வரை தாம் நிரபராதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னார் என்பதுதான் இன்று சரித்திராசிரியர்களில் பெரும்பாலோர் கட்சி. நிக்ஸன் ஜனாதிபதி ஆனதும், பிறகு 1974-ல் ராஜிநாமாச் செய்ததும் வாசகர் அறிந்ததே.

அந்தக் கால்வாய்க் கரைக்கும் ஒரு வழக்கு வந்தது. சரக்குப் படகுகள் நின்றுபோய், பாழடைந்து கிடந்த செஸபீக்-ஓஹையோ கால்வாயின் ஓரமாக மோட்டார் ரோடு போடலாம் என்று 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை தலையங்கம் எழுதியது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஆசிரியருக்குப் பதில் எழுதினார்: என்னோடு அந்தக் கரையில் நடந்து பாரும், பிறகு பேசும். ஆசிரியர்களும் வந்தார்கள். மார்ச் 20-ந் தேதி கம்பர்லண்டிலிருந்து ஒரு கோஷ்டி கிளம்பியது. எட்டு நாள், 180 மைலுக்கு மேல். கால் வெந்து பலர் பாதியில் நின்றார்கள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் நீதிபதியோடு ஒன்பது பேர். பத்திரிகை தன் கட்சியை மாற்றிக்கொண்டது. ரோடு வரவில்லை. 1971-ல் கால்வாய் முழுவதும் தேசியப் பூங்கா ஆயிற்று.

மார்ச் மாதமாகையால் அந்தக் கோஷ்டியின் கண்ணில் புரொதோனோட்டரி வார்ப்ளர் பட்டிருக்க வழியில்லை. அது தென்னாட்டுச் சதுப்புகளிலிருந்து வந்து சேர ஏப்ரல் நடுப்பகுதி ஆகும்.